மட்டக்களப்பில் ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் 14 ஸ்கூட்டிகள் நிற்கின்றன. அதில் 9 பெண்களுடையவை. விடிய எழும்பி வாவிக்கு அந்தப் பக்கமுள்ள படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற டீச்சர்மார், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வருகிற தாதிமார், காத்தான்குடிக் கடைகளில் கணக்குப் பார்க்கிற பிள்ளைகள். நானும் ஒரு டீச்சர்தான். 12 வருடமாக ஒரே ஸ்கூட்டி. அதன் வேலைகளில் பாதிக்கு மேல் நானே செய்கிறேன் என்று தெரிந்த பிறகு, பின்னேரங்களில் யாராவது ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஸ்கூட்டி ஓடிக் கெடுவது குறைவு, நின்று கெடுவதுதான் அதிகம். மாரியில் வெள்ளத்துக்குள் நிற்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் நிற்கும். பள்ளிக்கூட விடுமுறையில் பழைய பெற்றோலோடு தாவாரத்தில் நிற்கும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் சுற்றியே வரும்.

அக்கா, எதை நாங்களே செய்யலாம், எதைக் கராஜில் விட வேண்டும்?

ஒயில் மாற்றுவது, பெற்றோலுக்கு நெருப்பு வைக்கும் பிளக்கைக் கழற்றித் துடைப்பது, எயார் பில்டர் பார்ப்பது, பற்றரி முனைகளைச் சுத்தம் செய்வது, பிரேக் இறுக்குவது, டயர் காற்று பார்ப்பது, பியூஸ் மாற்றுவது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் அடியில் தேங்கிய பெற்றோலை வடிப்பது. இவ்வளவும் வீட்டு முற்றத்தில் செய்யலாம். கை கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.

எஞ்சினைப் பிரிப்பது, வால்வு இடைவெளி பார்ப்பது, பெல்ட் பக்கத்துப் புள்ளியை (பெல்ட் சுற்றி ஓடும் தட்டுகள், pulley) கழற்றுவது, முன்பக்க ஷொக், சில்லு பெயரிங், காபரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் ஸ்கூட்டியின் கம்பியூட்டர் பெட்டி ஆகியவற்றைத் தொடாதீர்கள். அதற்கு வேறு சாமான் வேண்டும், பழகிய கை வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் அதன் திரவம், லைன் இரண்டையும் கராஜிலேயே விடுங்கள்.

என்னென்ன சாமான் வாங்கி வைக்க வேண்டும்?

ஸ்கூட்டியோடு சீட்டுக்கு அடியில் வந்த பிளக் ஸ்பானரைத் தேடி எடுங்கள். பலர் அதைத் தொலைத்திருப்பார்கள். அதோடு 8, 10, 12, 14, 17 ஸ்பானர்கள், தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு காற்று அமுக்கமானி, சின்னதொரு வோல்ட் மீற்றர். பழைய பருத்திச் சீலைத் துண்டுகள் நிறைய வேண்டும். கழற்றும் ஆணிகளைப் போட ஒரு முட்டை அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆணி எந்த வரிசையில் கழன்றதோ அதே வரிசையில் குழிக்குள் போட்டால் திரும்பப் பூட்டும்போது ஒன்றும் மிஞ்சாது. மணல் முற்றத்தில் விழுந்த ஆணியைத் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கீழே ஒரு சாக்கு விரித்துவிட்டே தொடங்குங்கள்.

ஸ்கூட்டியோடு வந்த கைநூலையும் எடுத்து வையுங்கள். ஒயில் அளவு, பிளக் இலக்கம், காற்று அளவு எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு மொடலுக்கும் இவை வேறுபடும்.

ஒயில் எப்போது மாற்றுவது? எந்த ஒயில்?

நான் 2,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கைநூலில் இதைவிடக் கூடத்தான் போட்டிருக்கும். ஆனால் வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து வீடு என்று குறுந்தூரம் ஓடும் எஞ்சின் நன்றாகச் சூடாகாமலே நின்றுவிடும். உள்ளே படியும் நீராவி ஒயிலோடு கலந்துவிடும். அதோடு கச்சான் காற்றுக் காலத்தில் படுவான்கரைப் புழுதி.

ஸ்கூட்டிக்கு 4டி (4T), அதாவது நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஒயில். பெரும்பாலும் 10டபிள்யூ-30. போத்தலில் ஜாசோ எம்பி (JASO MB) என்று இருந்தால் அது ஸ்கூட்டிக்கென்றே உள்ளது. மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயிலுக்குள் நனைந்து கிடக்கும், அதற்கு எம்ஏ. ஸ்கூட்டியின் கிளச் வெளியே உலர்ந்து இருப்பது. கடையில் 2டி தந்தால் வாங்காதீர்கள். அது பெற்றோலோடு சேர்ந்து எரியும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கானது.

செய்யும் முறை இது. ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். ஒயில் மூடியைத் தளர்த்திவிட்டு, அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி ஒரு பேசினில் வடியவிடுங்கள். ஒயில் சுடும், கையைப் பின்னால் வையுங்கள். வடிந்து முடிய பத்து நிமிடம் கொடுங்கள். போல்ட்டைத் திரும்பப் போடும்போது முதலில் விரலால் மட்டும் சுற்றுங்கள். நாலைந்து சுற்று இலகுவாகப் போனால்தான் ஸ்பானர். எனக்கு ஒரு கராஜில் இதை ஒரே இறுக்காக இறுக்கி அலுமினிய மரையைத் தின்னவைத்துவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டு வாசலில் ஒயில் சொட்டியது. பிறகு புது மரை வெட்ட வேண்டி வந்தது. நானே ஒயில் மாற்றத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

110 சீசீ ஸ்கூட்டிகள் பலவற்றுக்கு 700 மில்லிலீற்றர் அளவில்தான் ஒயில் போகும். போத்தலில் இருப்பதையெல்லாம் கவிழ்க்காதீர்கள். கூடினால் ஒயில் நுரைத்து எயார் பில்டருக்குள் ஏறும், புகை வரும். கொஞ்சம் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து அளவுக்கோலைப் பாருங்கள். பல ஸ்கூட்டிகளில் கோலை மரையில் சுற்றாமல், சும்மா உள்ளே விட்டு எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் சரி.

பழைய ஒயிலை வளவுக்குள் ஊற்றாதீர்கள். எங்கள் ஊர் மணல் பூமி, கிணற்றில் தண்ணீர் பத்தடிக்குள் நிற்கிறது. ஊற்றியது நேரே அதற்குள்தான் போகும். வெறும் போத்தலில் நிரப்பிக் கராஜில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

கியர் ஒயில் என்று வேறு ஒன்று இருக்கிறதா?

ஓம். பின்சில்லுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் இருக்கிறது. சின்ன அளவுதான், 100 மில்லிலீற்றரைச் சுற்றி. ஒயில் மாற்றுகிற பலருக்கு இது நினைவிலேயே இல்லை. கைநூலில் சொன்ன தூரத்துக்கு மாற்றுங்கள். வெள்ளத்தில் நின்றால் தூரம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

விடியக்காலையில் ஸ்டார்ட் வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகிறது. எங்கே தொடங்குவது?

மனதுக்குள் வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: சுவிட்ச், பெற்றோல், கரண்ட், காற்று.

முதலில் எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அது சரியான பக்கம் இருக்கிறதா, பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் செல்ஃப் ஸ்டார்ட் பொத்தானை அமத்துகிறீர்களா, சைட் ஸ்டாண்ட் மடித்திருக்கிறதா என்று பாருங்கள். சில மொடல்களில் ஸ்டாண்ட் கீழே இருந்தால் எஞ்சின் எழும்பாது. கேட்க இது சின்ன விஷயம். என் முற்றத்துக்கு உருட்டி வந்த வண்டிகளில் நாலைந்துக்கு இதுதான் வருத்தம்.

செல்ஃபில் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வந்தால் பற்றரி இறங்கிவிட்டது. கிக் அடியுங்கள். காபரேட்டர் ஸ்கூட்டி கிக்கில் எழும்பிவிடும். இன்ஜெக்‌ஷன் ஸ்கூட்டிக்குப் பெற்றோலைத் தள்ளும் பம்புக்கே கரண்ட் வேண்டும். அதனால் பற்றரி முற்றாகச் செத்திருந்தால் கிக்கும் உதவாது.

கிக்கிலும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் முனையைப் பார்ப்பது மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல. முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கரி படிந்து உலர்ந்த கறுப்பானால் பெற்றோல் கூடுகிறது அல்லது எயார் பில்டர் அடைத்திருக்கிறது. நனைந்து பெற்றோல் மணத்தால் பெற்றோல் போகிறது, நெருப்புத்தான் பிடிக்கவில்லை. ஒயில் பிசுபிசுத்தால் எஞ்சினுக்குள் ஒயில் ஏறுகிறது, கராஜுக்குத்தான் போக வேண்டும். வெள்ளையாக வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

நனைந்த பிளக்கைத் துடைத்து வெயிலில் வையுங்கள். சாவியை நிறுத்திவிட்டு, பிளக் இல்லாமலே பத்துத் தரம் கிக் அடித்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிறகு பிளக்கைப் பூட்டி, சோக் போடாமல், அக்சிலேற்றரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு கிக் அடியுங்கள். பெரும்பாலும் எழும்பும்.

பிளக் உலர்ந்தே இருந்தால் பெற்றோல் வரவில்லை. பல காபரேட்டர் ஸ்கூட்டிகளில் எஞ்சின் இழுத்தால்தான் பெற்றோல் டாங்கிலிருந்து இறங்கும். நெடுநாள் நின்ற வண்டிக்குப் பத்துப் பதினைந்து கிக் தேவைப்படலாம்.

பிளக் பழசானால் புதிதாகவே போடுங்கள். பெட்டியில் உள்ள இலக்கத்தைப் பழைய பிளக்கின் இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றாதீர்கள், மரை போய்விடும்.

வெள்ளத்துக்குள் நின்ற ஸ்கூட்டியை என்ன செய்வது?

ஒவ்வொரு கார்த்திகை, மார்கழியிலும் இதே கேள்விதான். 2011 ஜனவரி வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அதன் பிறகும் வெள்ளம் வராத மாரி குறைவு. அதனால் இதை நீட்டி எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பாதீர்கள். செல்ஃபை அமத்தாதீர்கள். வெள்ளத்தில் கெட்ட ஸ்கூட்டிகளில் பாதி, வெள்ளம் வடிந்த பின் ‘எழும்புதா பார்ப்போம்’ என்று அமத்தியதால் கெட்டவை. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கிக் மிதி இறங்க மறுத்தால் அதுவே அடையாளம், பலம் கொடுத்து மிதிக்காதீர்கள்.

பற்றரியின் கறுப்பு வயரை முதலில், சிவப்பை அடுத்ததாகக் கழற்றுங்கள். பிறகு தண்ணீர் எதுவரை ஏறியது என்று பாருங்கள். சேற்றுக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். சில்லின் நடுவரை மட்டும் என்றால் பிரேக், பெயரிங், கியர் ஒயில் மட்டும்தான் கவலை. கால் வைக்கும் தட்டுக்கு மேலே போயிருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் செய்யுங்கள். சீட்வரை போயிருந்தால், அதுவும் இன்ஜெக்‌ஷன் வண்டியானால், வான் வண்டியில் ஏற்றிக் கராஜுக்கு அனுப்புங்கள்.

வண்டி முழுவதையும் கிணற்றுத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வாவித் தண்ணீர் உவர், அது காய்ந்தால் உப்புப் படியும். சேறு காய்ந்தால் கல்.

எயார் பில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே தண்ணீர் இருந்தால் துடைத்து, நனைந்த கடதாசி பில்டரை எறியுங்கள். பிளக்கைக் கழற்றி, துளையின் மேல் ஒரு சீலைத் துண்டைப் போட்டு, பக்கத்தில் ஒதுங்கி நின்று கிக்கைக் கையால் மெதுவாக அமத்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் ‘புஸ்’ என்று சீலையில் அடிக்கும். வெறும் காற்று வரும்வரை செய்யுங்கள்.

அடுத்தது ஒயில். அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வடித்து, மலிவான 4டி ஒயில் ஊற்றி, மற்ற வேலையெல்லாம் முடிந்து எஞ்சின் எழும்பியதும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடியுங்கள். இரண்டாவதும் கலங்கி வந்தால் இன்னொரு முறை. தெளிவாக வந்த பிறகே நல்ல ஒயில். போன மாரியில் பக்கத்து வீட்டு அக்காவின் வண்டிக்கு மூன்று தரம் ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வண்டி இன்றைக்கும் தினமும் வவுணதீவு போய் வருகிறது.

காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சின்ன வடிகால் ஆணியும் அதிலிருந்து மெல்லிய குழாயும் இருக்கும். குழாயின் முனையை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, தட்டை ஸ்குரூ டிரைவரால் ஆணியை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். வடிந்ததை அசைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் மேலே பெற்றோலும் கீழே தண்ணீருமாக நடுவில் ஒரு கோடு தெரியும். அப்படித் தெரிந்தால் டாங்கையும் வடிக்க வேண்டும். இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அடுப்பு, சாம்பிராணி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பெல்ட் நனைந்து வழுக்குகிறது. மூடியைக் கழற்றிக் காயவைக்க வேண்டும், இதைக் கராஜில் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். கியர் ஒயிலையும் அதோடு மாற்றச் சொல்லுங்கள். பிரேக் டிரம்முக்குள் சேறு இருந்தால் அதையும் திறந்து கழுவ வேண்டும்.

பியூஸ் பெட்டி, வயர் இணைப்புகள் எல்லாவற்றையும் பிரித்து ஒரு நாள் வெயிலில் விடுங்கள். அதன் பிறகுதான் பற்றரி: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். எழும்பியதும் புகைக்குழாயால் கொஞ்ச நேரம் தண்ணீர் வழியும், பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்துச் சில்லில் ‘கரகர’ என்று சத்தம் கேட்டால் பெயரிங் துருப்பிடித்திருக்கிறது.

வெள்ளத்துக்குள்ளால் ஓட்டிக்கொண்டு போகலாமா?

நிற்கும் தண்ணீர் சில்லின் நடுவுக்குக் கீழே என்றால் ஆள் நடக்கும் வேகத்தில், அக்சிலேற்றரை விடாமல் போகலாம். கரையேறியதும் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி நூறு யார் ஓடுங்கள். டிரம் உலரும்வரை பிரேக் பிடிக்காது.

ஓடும் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழ் ஓடும் தண்ணீரே ஸ்கூட்டியைத் தள்ளிவிடும், றோட்டின் ஓரம் அரித்துப் போனதும் கண்ணுக்குத் தெரியாது. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அதில் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரம் நிற்க முடியாத இடத்தில் 100 கிலோ ஸ்கூட்டி என்ன செய்யும்? அன்றைக்கு லீவு போடுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு. இரண்டு வருடத்தில் எல்லாம் துருப்பிடிக்கிறது.

நாவலடி, கல்லடி, டச்பார் பக்கம் இருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள கவலை இது. காற்றோடு வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. விடியச் சீட்டை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். அந்த உப்பு இரவு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். அடிப்பாகம்தான் முக்கியம்: ஸ்டாண்ட், ஸ்பிரிங், புகைக்குழாயின் கழுத்து, மட்காட்டின் உள்பக்கம். பைப்பின் வேகத்தைப் பெயரிங்குக்கும் வயர் இணைப்புகளுக்கும் நேரே அடிக்காதீர்கள். காய்ந்த பிறகு ஆணித் தலைகளுக்கும் ஸ்டாண்ட் மூட்டுக்கும் கொஞ்சம் கிரீஸ். பெயின்ட் உரிந்த இடத்தைச் சிறிதாக இருக்கும்போதே மண்தாளால் தேய்த்துப் பெயின்ட் தொடுங்கள். கேபிள்களின் மேல்முனையைக் கழற்றி, மாதம் ஒருமுறை சில சொட்டு மெல்லிய ஒயில் விடுங்கள். பிரேக் லீவர் இலகுவாவதைக் கையிலேயே உணர்வீர்கள்.

வண்டியைப் பொலித்தீனால் இறுக்கி மூடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். காற்றுப் போகும் துணி உறை அல்லது பழைய சேலை போதும்.

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும்வரை நாங்கள் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏற்றித்தான் ஸ்கூட்டியைப் படுவான்கரைக்குக் கொண்டுபோனோம். இன்றும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று நாளில் தெறிக்கும் வாவித் தண்ணீர் நேரே எஞ்சின் அடியில்தான் படும். அவர்கள் வீடு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை அடியில் ஊற்றிவிட வேண்டும்.

பற்றரி எத்தனை வருடம் வரும்?

பராமரித்தால் மூன்று நாலு வருடம் வரலாம். வோல்ட் மீற்றர் வைத்துப் பாருங்கள்: இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அப்படி ஏறாவிட்டால் புதுப் பற்றரி வாங்கிப் பயனில்லை, சார்ஜ் ஆகும் வழியில்தான் பிழை. இந்த ஒரு அளவு பார்த்ததால் எங்கள் ஒழுங்கையில் மூன்று பேருக்குப் பற்றரிக் காசு மிஞ்சியது.

முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து, வாஸ்லின் பூசுங்கள்.

பிரேக் பிடித்தால் ‘கீச்’ என்கிறது.

மழையில் நனைந்த காலைச் சத்தம் என்றால் இரண்டு பிடியில் போய்விடும். எப்போதும் கேட்டால் பிரேக் சூ தேய்ந்திருக்கலாம். டிரம்மின் வெளிப்பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது லீவர் கையிலுள்ள குறி அந்த அம்பைத் தொட்டால் சூ முடிந்துவிட்டது, இனி இறுக்கி வேலையில்லை.

லீவர் முனை 10 முதல் 20 மில்லிமீற்றர்வரை சும்மா அசைந்து பிறகு பிடிக்க வேண்டும். பின்சில்லுப் பக்கத்து நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் கூடிவிட்டது. டிரம்மைத் திறந்தால் உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

டயருக்கு எவ்வளவு காற்று?

டியோ, அக்டிவா போன்ற 110 சீசீ ஸ்கூட்டிகளுக்கு முன்னால் 22, தனியே போனால் பின்னால் 29, பின்னால் ஆள் இருந்தால் 36 பிஎஸ்ஐ. உங்கள் மொடலுக்குக் கைநூலில் பாருங்கள். காற்றடிக்கும் கடையில் ‘முப்பது முப்பது’ என்று இரண்டுக்கும் ஒன்றாக அடித்துவிடுவார்கள். முன்டயர் கல்லாகிக் குருமணலில் வழுக்கும். சூடேறாத டயரில், விடியக்காலையில் அளவு பார்ப்பதே சரி.

டியூப் இல்லாத டயரில் முள்ளோ ஆணியோ ஏறினால் வழியில் பிடுங்காதீர்கள். அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், கடைவரை போய்விடலாம். கரடியனாறு, வெல்லாவெளிப் பக்கம் போகிறவர்கள் மாலையில் ஒரு தரம் டயரைச் சுற்றிப் பார்த்து நெருஞ்சி முள்ளுகளைப் பிடுங்கிவிடுங்கள்.

புள்ள, வெளிக்கிடும்போது என்ர வண்டி உதறுது. பெல்ட்டா?

ஆரையம்பதியிலிருந்து வந்த மாமா ஒருவர் கேட்டது. பெரும்பாலும் பெல்ட் பக்கம்தான். ஸ்கூட்டியில் கியர் மாற்றுவதை ஆறு சின்ன றோலர்கள் செய்கின்றன. எஞ்சின் வேகமெடுக்க அவை வெளிப்பக்கம் ஓடிப் புள்ளியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், வண்டி வேகமெடுக்கும். றோலர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையானால் சரியாக உருளாது: இழுவை குறையும், மெதுவாகப் போகும்போது கடகடக்கும். வெளிக்கிடும்போது மட்டும் உதறினால் கிளச்சில் புழுதி அல்லது தேய்வு. எஞ்சின் கத்தியும் வேகம் ஏறாவிட்டால் பெல்ட்.

20,000 கிலோமீற்றர் தாண்டிய பெல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். அது சொல்லிவிட்டு அறாது. அறும் இடம் கடைத்தெருவாகவும் இராது. மாமாவின் வண்டியில் கிளச்சைத் திறந்தபோது உள்ளே கால் சுண்டு அளவு புழுதி. துடைத்ததும் உதறல் நின்றது.

நெடுநாள் ஓட்டாமல் வைக்க வேண்டியிருந்தால்?

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அதற்கு முன்பு என் வண்டி ஏழு வாரம் தாவாரத்தில் நின்றது. பெற்றோல் கிடைத்து ஊற்றினால் எழும்பவில்லை. காபரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெற்றோல் ஆவியாகி, அடியில் பசை மாதிரி மஞ்சளாகப் படிந்து, பெற்றோல் பாயும் ஜெட் துளை அடைத்துவிட்டது. அந்தத் துளை தலைமயிர் அளவு. கம்பியால் குத்தினால் பித்தளை கீறி அளவு பெரிதாகிவிடும், பிறகு பெற்றோல் குடிக்கும். காபரேட்டர் கிளீனர் அடித்து ஊற வைத்து, பல் துலக்கியின் ஒரு நைலோன் மயிரால் மட்டும் தொட்டு, காற்றடித்து எடுத்தோம்.

அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால், மேலே சொன்ன வடிகால் ஆணியைத் திறந்து கிண்ணத்தைக் காயவிடுங்கள். பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஓட்ட முடியுமானால் வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் றோட்டில் ஓட்டுவது எல்லாவற்றிலும் நல்லது. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். வீட்டுக்குள் கேனில் பெற்றோல் சேர்த்து வைக்கவும் வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் பலருக்குப் பிறகு எஞ்சின் வேலைக்குப் போன காசு, மிச்சம் பிடித்ததைவிடக் கூட.

எயார் பில்டரைக் கழுவலாமா?

ஸ்பொஞ்ச் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, எஞ்சின் ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடலாம். கடதாசி பில்டரைக் கழுவக்கூடாது. ஒயில் பூசிய பிசுபிசுத்த கடதாசி என்றால் காற்றும் அடிக்கக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். புகைச் சான்றிதழ் எடுக்கப் போகுமுன் இதையும் பிளக்கையும் பாருங்கள். கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. விடியக் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி.

கராஜில் நாங்கள் பெண்கள் என்றால் இல்லாத வேலையெல்லாம் சொல்கிறார்கள். என்ன செய்வது?

‘வண்டி சரியில்லை’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள். பழைய சாமானைக் கையில் தரும்படி முதலிலேயே கேளுங்கள். விலையைத் தொடங்கும் முன்பே கதையுங்கள். கிலோமீற்றரையும் செய்த வேலையையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். என் கொப்பியைப் பார்த்த பிறகு என்னிடம் யாரும் தேவையில்லாமல் பெல்ட் மாற்றச் சொன்னதில்லை. நல்ல மெக்கானிக் தம்பிமார் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விளக்கம் கேட்டால் நின்று காட்டுவார்கள். அப்படி ஒருவரைக் கண்டால் கடையை மாற்றாதீர்கள். நானும் பாதி வேலையை அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழகினேன்.

பத்து வருடமாகிவிட்டது. விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய ஸ்கூட்டிகள்தான் இந்த ஊரைச் சுமந்தன. எஞ்சின் நீலப் புகை விடவில்லை, சட்டகத்தில் துரு ஓட்டை இல்லை, பிரேக் பிடிக்கிறது என்றால் வைத்திருங்கள். சட்டகத்தைப் பார்க்கக் கால் தட்டின் ரப்பரைத் தூக்கி, ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டண்’ என்றால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டு, தட்டிய இடத்தில் துரு செதில் உதிர்ந்தால் அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.